சவுண்ட் கார்டு போதுமா, வெளி டிஏசி வேண்டுமா?

கணினியில் ஹெட்போனை மாட்டிப் பாட்டை நிறுத்திவிட்டு, ஒலியளவை முழுக்க ஏற்றிப் பாருங்கள். மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்கிறதா? மவுஸை நகர்த்தும்போது ‘கிர்கிர்’ என்று ஏதாவது கீறுகிறதா? வெளி டிஏசி வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். காசும் செலவில்லை.

கணினியில் இருக்கும் பாட்டு வெறும் எண்களின் வரிசை. குறுந்தகட்டின் தரத்தில், ஒவ்வொரு காதுக்கும் நொடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 16 பிட். இந்த எண்களை மின்னழுத்தமாக மாற்றித் தரும் சில்லுதான் டிஏசி. அது ஏற்கெனவே உங்கள் மதர்போர்டில் இருக்கிறது, கைபேசிக்குள்ளும் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் பெட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது, கணினிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு.

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை விற்கத் தொடங்கியபோது பெரும்பாலான கணினிகளுக்கு ‘பீப்’ மட்டுமே தெரியும். அந்தக் கார்டு 8 பிட், ஒற்றைத் தடம்; அன்றைக்கு அதுவே பெரிய விஷயம். பிறகு 1997இல் இன்டெல் கொண்டுவந்த ஏசி97 தரத்தோடு ஒலி மதர்போர்டுக்கே இடம்பெயரத் தொடங்கியது. அந்தக் கால மதர்போர்டு ஒலிக்குக் கிடைத்த கெட்ட பெயர் நியாயமானதுதான். ஆனால் 2004இல் வந்த எச்டி ஆடியோ தரமே 32 பிட், நொடிக்கு 1,92,000 எண்கள் வரை போகிறது. அட்டைப்பெட்டியில் அச்சடிக்கும் எண்களை மட்டும் பார்த்தால், விலையுயர்ந்த பல டிஏசிகளுக்கும் மதர்போர்டுக்கும் இன்று வித்தியாசமே இல்லை.

வித்தியாசம் இருப்பது சுற்றுப்புறத்தில். டிஏசி தரும் சமிக்ஞை உச்சத்தில் 2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 16 பிட்டில் அதன் மிகச் சிறிய படி, ஒரு வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே பெட்டிக்குள் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் நொடிக்கு நொடி மின்சாரத்தை இழுத்தும் விட்டும் கொண்டிருக்கின்றன. சந்தைக்கடைக்கு நடுவே ரகசியம் பேசுகிற கதைதான். தனியாகச் செருகும் சவுண்ட் கார்டுக்கும் இதே தலைவலி உண்டு. தகரக் கவசம் போட்டு ஓரளவு சமாளிப்பார்கள். வெளி டிஏசிக்கு யுஎஸ்பி கம்பியில் போவதோ எண்கள். வழியில் கொஞ்சம் இரைச்சல் ஒட்டினாலும் 0 என்பது 1 ஆகிவிடாது. மின்னழுத்தமாக மாறும் வேலை அமைதியான இடத்தில் நடக்கிறது. (அப்படியும் மின்சார ‘ம்ம்ம்’ கேட்டால், குற்றவாளி பெரும்பாலும் எர்த் இணைப்பு. ஆப்டிகல் கம்பிக்கு மாறிப் பாருங்கள். அதில் மின்சாரமே ஓடுவதில்லை.)

இன்னொரு வித்தியாசத்தைப் பலர் டிஏசியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது உண்மையில் ஆம்ப்ளிஃபையருடையது. 300 ஓம் ஹெட்போனுக்குச் சாதாரண மதர்போர்டின் மின்னழுத்தம் போதாமல் போகலாம். நுட்பமான சில இயர்போன்களுக்கோ, ஹெட்போன் துளையின் சொந்த மின்மறுப்பு அதிகமாக இருந்தால் பாஸ், டிரெபிள் சமநிலை மாறிக் கேட்கும். வெளிப்பெட்டியில் நல்ல ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தே வருவதால், மாற்றம் பளிச்சென்று தெரிகிறது.

சரி, எவ்வளவு செலவழிக்கலாம்? என் கருத்தில், இரைச்சல் போய், ஒலியளவும் போதுமானதாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆப்பிளின் சின்னஞ்சிறு யுஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டருக்குள்ளும் ஒரு டிஏசி இருக்கிறது. அளந்து பார்த்தால் அது குறுந்தகட்டின் தரத்தை எட்டிப்பிடிக்கிறது. உச்ச விலைக் கருவிகளுமே மின்சுற்றின் வெப்ப இரைச்சலால் சுமார் 20, 21 பிட்டில் நின்றுவிடுகின்றன. 24, 32 என்பதெல்லாம் காகிதத்தில்தான். 2007இல் மேயரும் மோரனும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவை நேரடியாகவும், 16 பிட், 44,100 வழியாகச் சுருக்கியும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். எது எதுவென்று தெரியாமல் கேட்டவர்கள் சரியாகச் சொன்னது ஏறத்தாழ பாதி முறை. பூவா தலையா போட்டாலும் அதே பலன்தான்.

கடையில் ஒப்பிட்டுக் கேட்கும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். சற்றே உரக்க ஒலிப்பதைக் காது ‘தெளிவு’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். விற்பவருக்கு இது தெரியும்.

வீட்டில் பாடிப் பதிவு செய்பவர்கள் கதை வேறு. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும், நல்ல ப்ரீஆம்ப் வேண்டும், பாடியது தாமதமில்லாமல் காதுக்குத் திரும்ப வேண்டும். அவர்கள் தயங்காமல் வெளி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம். கேட்க மட்டும் செய்பவர்கள் முதல் பணத்தை ஹெட்போனிலோ ஸ்பீக்கரிலோ போடுங்கள். டிஏசியை, அந்த ‘ஸ்ஸ்’ கேட்டால் மட்டும் வாங்குங்கள்.