கூரையில்லாத காரில் சீட் பெல்ட்

ஜாகுவார் இ-டைப் வந்தது 1961-இல். எம்ஜிபி வந்தது 1962-இல். பிரிட்டனில் பிறந்த இந்தத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களை இன்றும் ஆசையோடு பராமரித்து ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் முன் நிற்கும் பெரிய கேள்வி, சீட் பெல்ட்டை எங்கே பொருத்துவது என்பதுதான்.

வோல்வோ பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கி, 1959-இல் கார்களில் வந்த மூன்று முனை பெல்ட்டின் மேல்முனை, வழக்கமாகக் கதவுக்குப் பின்னுள்ள தூணில் தோள் உயரத்தில் இருக்கும். கூரையில்லாத காரில் அந்தத் தூண் மேலே எழும்புவதில்லை. ஆகவே, பின்சக்கரத்தை மூடியிருக்கும் வளைவுத் தகட்டில் மேல்முனையைப் பொருத்துவார்கள். அந்த இடம் தோளைவிட மிகவும் தாழ்ந்திருந்தால், மோதலின்போது பெல்ட் தோளைக் கீழே இழுத்து முதுகெலும்பை நசுக்கும். துருப்பிடித்த மெல்லிய தகடு என்றால் போல்ட்டே பிய்ந்து வந்துவிடும். அடியில் கனமான இரும்புத் தகடு வைத்து வலுவூட்டுவது அவசியம்.

1989-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல் இதற்கு அழகான தீர்வு கண்டது. பெல்ட் இருக்கையோடு இணைந்தது. கார் கவிழப்போனால், பின்னால் மடங்கிக் கிடக்கும் பாதுகாப்பு வளைவு 0.3 விநாடியில் நிமிர்ந்து நிற்கும்.

பிரிட்டனில் முன்னிருக்கையில் பெல்ட் அணிவது 1983 ஜனவரி 31 முதல் கட்டாயம். பெல்ட் இல்லாமலே தயாரான பழைய கார்களுக்கு விலக்கு உண்டு. ஆனால், அவற்றில் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஏற்றக் கூடாது. அதற்கு மேற்பட்ட சிறுவர்களும் பின்னிருக்கையில்தான் உட்கார வேண்டும்.