நட்சத்திரத்தை நம்பலாமா?

கேரளத் தலைநகரின் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் வீடியோ கேம். எதை ஆடுவது என்று தீர்மானிப்பவர்கள் முகம் தெரியாத அமெச்சூர் விமர்சகர்கள். அந்த விமர்சகர்களை எடைபோடக் கற்றுத் தருவது யார்?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் மாணவர்கள் எழுத வேண்டிய முதல் கட்டுரையின் தலைப்பு பல தலைமுறைகளாக மாறவே இல்லை: விடுமுறையை எப்படிக் கழித்தாய்? திருவனந்தபுரத்தில் பதில்களும் அதிகம் மாறுவதில்லை. பொன்முடி மலை, கோவளம் கடற்கரை, மிருகக்காட்சி சாலை, பாட்டி வீட்டு மாம்பழம். கரமனை, சாலை பகுதிகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தால் நாகர்கோவிலோ திருநெல்வேலியோ கூடுதலாக இடம் பெறும். ஆனால் நாற்பது மணி நேரம் வீடியோ கேம் ஆடியதாக எந்தப் பிள்ளையும் எழுதுவதில்லை. எழுதினால் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியும்.

உண்மை வேறு. ஏப்ரல், மே மாதங்களில் இந்த நகரத்தின் புழுக்கம் பிரசித்தம். கனகக்குன்று அருகே ஜவஹர் பால பவனின் கோடை வகுப்புகளில் பாட்டு, நடனம், ஓவியம் என்று காலைப் பொழுது போய்விடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறியின் கீழ் ஒரு போன், அல்லது அண்ணனின் கம்ப்யூட்டர். விடுமுறையை மழை மாதங்களான ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று 2025-ல் மாநிலக் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி பொது விவாதத்துக்கே அழைப்பு விடுத்தார். மாதம் மாறினாலும் விடுமுறை இரண்டு மாதம்தான். கையில் இருக்கப் போவதும் அதே போன்தான்.

பெற்றோரின் கவலை நியாயமற்றது அல்ல. விளையாட்டுக்கும் போனுக்கும் அடிமையாகிவிட்ட சிறுவர்களை மீட்பதற்கென்றே கேரள போலீஸ் 2023-ல் 'டி-டாட்' என்ற ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. அவற்றில் ஒன்று தலைநகரில் இயங்குகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் ஏற்ற நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறை'ச் சேர்த்தது. ஆனால் அந்த வரையறை நிதானமானது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளுவது, தீங்கு தெரிந்த பிறகும் தொடர்வது: இவை பொதுவாக ஓராண்டு காலமாவது காணப்பட்டால்தான் கோளாறு. மே மாத மதியம் ஒன்றில் மூன்று மணி நேரம் ஆடியதை மட்டும் வைத்து ஒரு பிள்ளையை நோயாளி என்று சொல்லிவிட முடியாது.

எத்தனை மணி நேரம் ஆடினாய் என்று எல்லா வீடுகளிலும் கேட்கிறார்கள். என்ன ஆடினாய், அது நன்றாக இருந்ததா, ஏன் என்று கேட்பவர்கள் குறைவு. அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் இன்று வேறு யாரோ. போனில் ஒரு விளையாட்டை இறக்குவதற்கு முன் பிள்ளையின் கண் முதலில் போவது நட்சத்திரங்களுக்கு. பிறகு நாலைந்து வரி விமர்சனங்களுக்கு. எழுதியவர்கள் தொழில்முறை விமர்சகர்கள் அல்ல. இன்னொரு ஊரில், இன்னொரு விடுமுறையில், இன்னொரு மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருப்பவர்கள்.

தொண்ணூறுகளில் இந்தச் சிக்கல் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் 'சாமுராய்' போன்ற கருவிகளும், மாரியோ, காண்ட்ரா கார்ட்ரிஜ்களும் இருந்த காலம் அது. எந்த கார்ட்ரிஜ் நல்லது என்று சொன்னவன் பக்கத்துத் தெருப் பையன். அவன் புளுகுவானா, எளிதில் பரவசப்படுவானா, இரண்டாவது கட்டத்தையே தாண்டத் தெரியாதவனா என்பதெல்லாம் கேட்பவனுக்கு அத்துப்படி. விமர்சனத்தோடு விமர்சகனின் யோக்கியதையும் தெரிந்திருந்தது. 2001-ல் வெளிவரத் தொடங்கிய 'டிஜிட்' போன்ற ஆங்கில மாத இதழ்களில் எழுதியவர் யார் என்பதாவது அச்சில் இருந்தது. இன்று விமர்சனங்களுக்குக் குறைவில்லை. எழுதியவர் யார் என்பதுதான் தெரியாது.

விளைவு என்ன என்பதை இந்தியா ஒரு முறை கண்கூடாகப் பார்த்தது. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. இரண்டே நாளில் 'ஃபௌஜி' என்ற இந்திய விளையாட்டு வரப் போவதாக நடிகர் அக்ஷய் குமார் அறிவித்தார். பெங்களூர் நிறுவனமான என்கோர் கேம்ஸ் தயாரித்த அது 2021 குடியரசு தினத்தன்று வெளியானது. முதலில் நாலரை நட்சத்திரத்தை ஒட்டி நின்ற மதிப்பெண், சில நாட்களிலேயே மூன்றை ஒட்டிச் சரிந்தது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களில் பலர் பாராட்டியது நாட்டை. ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களில் பலர் துக்கம் அனுசரித்தது பப்ஜிக்கு. எதிரெதிர் அணிகள், ஆனால் இரண்டுமே அந்த விளையாட்டைப் பற்றிப் பேசவில்லை. பலர் சேர்ந்து மோதிக்கொள்ளும் ஆட்டமுறை ஆரம்பத்தில் அதில் இல்லை, தனி ஆளாக ஆடும் கதை மட்டுமே இருந்தது என்ற உபயோகமான தகவலை, நிதானமாக எழுதிய சிலரிடமிருந்துதான் தெரிந்துகொள்ள முடிந்தது.

இது இந்தியாவின் தனிச் சொத்தும் அல்ல. 2020 ஜூன் 19-ம் தேதி 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டின் இரண்டாம் பாகம் வெளிவந்தபோது தொழில்முறை விமர்சகர்களின் சராசரி நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியது. மதிப்பெண்களைத் திரட்டித் தரும் மெட்டாக்ரிட்டிக்கிலோ, முதல் நாளிலேயே ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்டக்காரர்கள் பூஜ்யம் போட்டார்கள். அந்த விளையாட்டை ஆடி முடிக்க ஏறக்குறைய ஒரு முழு நாள் தேவை. சாப்பிடாமல், தூங்காமல் ஆடியிருந்தாலும் அவர்களில் பெரும்பாலோர் முடித்திருக்க முடியாது. அடுத்த மாதமே மெட்டாக்ரிட்டிக் ஒரு விதி கொண்டுவந்தது: வெளியாகி 36 மணி நேரம் கழிந்த பிறகே பொதுமக்கள் மதிப்பெண் போடலாம்.

கேரளத்துக்கு இந்த வாதம் புதிதல்ல. இங்கே அது சினிமாவை வைத்து நீதிமன்றம் வரை போயிருக்கிறது. படம் வெளியான சூட்டோடு யூடியூபில் கிழித்துத் தொங்கவிடும் 'ரிவ்யூ பாம்பிங்'கைத் தடுக்கக் கோரி ஒரு மலையாள இயக்குநர் 2023-ல் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 2024-ல் தந்த அறிக்கை, முதல் 48 மணி நேரம் விமர்சகர்கள் பொறுத்திருக்கலாம் என்று யோசனை சொன்னது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு இரண்டு நாள் பொறுமை என்றால், இருபத்தைந்து மணி நேர விளையாட்டுக்கு எத்தனை நாள்?

ஆனால் காத்திருக்கச் சொல்லும் விதி அவசரத்தைத்தான் தடுக்கும். அறியாமையைத் தடுக்காது. விமர்சனத்தைப் படிப்பவர் தன் பங்குக்குச் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். அவை பள்ளிப் பிள்ளைக்குக் கூட எட்டாத கேள்விகள் அல்ல.

முதல் கேள்வி, எவ்வளவு நேரம் ஆடிவிட்டு எழுதுகிறார்? கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம், ஒவ்வொரு விமர்சனத்தின் தலையிலும் எழுதியவர் ஆடிய நேரத்தைக் காட்டுகிறது. இருபது நிமிடம் ஆடிவிட்டு 'முடிவு மோசம்' என்று எழுதுபவரை அங்கேயே விட்டுவிடலாம். நானூறு மணி நேரம் ஆடிவிட்டு 'நேர விரயம்' என்று எழுதுபவரிடம் வேறு விதமான எச்சரிக்கை இருக்கிறது. அவர் குறை சொல்வது விளையாட்டையா, தன் நானூறு மணி நேரத்தையா?

இரண்டாவது, எந்தக் கருவியில் ஆடினார்? விலை உயர்ந்த போனில் வழுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம், மூன்று வருடப் பழைய போனில் நொண்டும். இரண்டு பேர் எழுதுவதும் உண்மையாகவே இருக்கலாம். நம் வீட்டுப் போன் எந்த ரகம் என்பதே கேள்வி.

மூன்றாவது, அவர் சொல்வது சரிபார்க்கக் கூடிய தகவலா, வெறும் ரசனையா? 'ஐந்தாவது கட்டத்துக்குப் பிறகு பணம் கட்டாமல் முன்னேற முடியவில்லை' என்பது தகவல். 'செம போர்' என்பது ரசனை. இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் பணத்தைக் காப்பாற்றுவது முதல் ரகம்தான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. இலவசம் என்று தொடங்கி உடைக்கும் வாளுக்கும் விலை கேட்கும் விளையாட்டுகள் வேறு ரகம். அவற்றைப் பற்றி எச்சரிப்பவர், பெரும்பாலும் ஏற்கெனவே ஏமாந்த ஒரு அமெச்சூர் விமர்சகராகத்தான் இருப்பார்.

நான்காவது, எழுதியவருக்கு யாராவது காசு கொடுத்தார்களா? காசு வாங்கிக்கொண்டு பாராட்டுபவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-ல் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. விதி இருக்கிறது என்பது தெரிந்தால்தான் அது மீறப்படுவதும் கண்ணில் படும்.

இந்தக் கேள்விகளுக்குப் பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: விமர்சகருக்கு அந்த உலகம் தெரியுமா? 2023 ஜூலையில் வெளிவந்த 'வெண்பா' இதற்கு நல்ல சோதனை. கனடாவின் டொரன்டோ நகரில் ஒரு தமிழர் தலைமையிலான விசை கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கிய விளையாட்டு இது. எண்பதுகளின் இறுதியில் அங்கே குடியேறிய தமிழ்த் தம்பதியும், தமிழிலிருந்து மெல்ல விலகும் மகனும் பாத்திரங்கள். துப்பாக்கி கிடையாது, சமையல்தான் ஆட்டம். தாயார் தந்த சமையல் குறிப்பேடு சிதைந்து கிடக்கிறது. விட்டுப்போன படிகளை ஊகித்து இட்லி வார்க்க வேண்டும். புட்டுக் குழலில் மாவையும் தேங்காய்ப் பூவையும் சரியான வரிசையில் இட வேண்டும். 2024-ல் இது பிரிட்டனின் பாஃப்டா அமைப்பிடமிருந்து சிறந்த முதல் விளையாட்டுக்கான விருதைப் பெற்றது.

விமர்சனங்களில் அடிக்கடி வந்த புகார்: ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அது தகவல் என்ற அளவில் சரி. ஆனால் குறையா? காலை வேளையில் புட்டும் கடலையும் சாப்பிட்டு வளரும் திருவனந்தபுரத்துப் பிள்ளைக்கு, வெளிநாட்டு விமர்சகர் தலையைச் சொறிந்துகொள்ளும் புதிர் ஒரு நொடி வேலை. அதே பிள்ளைக்கு, மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்லும்போது அம்மாவின் முகம் மாறுவது ஏன் என்பதும் புரியும். இந்த விளையாட்டைப் பொறுத்தவரை யோக்கியதை அதிகமுள்ள விமர்சகர் பட்டத்திலோ கரமனையிலோ இருக்கும் பத்தாம் வகுப்பு மாணவிதான். அவர் எழுதாவிட்டால் மணிக்கணக்குப் பார்ப்பவர்களின் தீர்ப்பே நிற்கும். அந்தத் தீர்ப்பு சிறு தயாரிப்பாளர்களுக்குச் சாதாரண விஷயம் அல்ல. வாங்கி 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திருப்பித் தருவது ஸ்டீமின் விதி. ஒன்றரை மணி நேர விளையாட்டை முழுக்க ஆடி ரசித்துவிட்டுப் பணத்தையும் திரும்பப் பெற முடியும். மனசாட்சி என்று ஒன்று தடுத்தால் ஒழிய.

ரசனையை வளர்ப்பது பற்றி இந்த நகரத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இங்குள்ள பொது நூலகம் 1829-ல் தோன்றியது. 1965-ல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியபோது, சினிமா என்பது பிள்ளைகளைக் கெடுக்கும் சமாசாரம் என்றுதான் பல வீடுகளில் கருதினார்கள். இன்று டிசம்பர் மாதம் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும்போது கைரளி, டாகோர் அரங்குகளின் வாசலில் கல்லூரி மாணவர்கள் ஈரானியப் படத்தைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். விழாவில் பார்வையாளர்களே வாக்களித்துத் தரும் பரிசும் உண்டு. அமெச்சூர் விமர்சகர்களை நம்பிய நகரம் இது. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு, முகத்துக்கு நேரே வாதம் செய்கிற அமெச்சூர்கள். வீடியோ கேமுக்கு அப்படி ஒரு வாசல் இன்னும் வாய்க்கவில்லை.

அதற்கான விதை பள்ளிகளில் இருக்கிறது. பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் என்ற அரசு நிறுவனம் 2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்களைத் தொடங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளிகளில் அவை இயங்குகின்றன. அனிமேஷன், புரோகிராமிங் பயிற்சியின் பகுதியாகப் பிள்ளைகள் சிறு சிறு கேம்களைத் தாங்களே உருவாக்குகிறார்கள். ஓணம் காலத்து முகாமில் பூக்களம் போடும் போட்டியே கேமாக மாறியிருக்கிறது. தானே ஒரு விளையாட்டைச் செய்து பார்த்த பிள்ளைக்கு, ஒரு கட்டத்தை அதிகக் கடினமாகவும் இல்லாமல் சுலபமாகவும் இல்லாமல் அமைப்பது எத்தனை சிரமம் என்று தெரியும். ஒற்றை நட்சத்திரம் போடப் போகும் கை சற்றே தயங்கும். போட்டாலும் காரணத்தோடு போடும்.

இதற்குப் பெரிய திட்டமோ நிதியோ தேவையில்லை. விடுமுறையில் ஆடிய ஒரு விளையாட்டைப் பற்றி அரைப் பக்கம். அதே விளையாட்டுக்கு வேறொருவர் எழுதிய விமர்சனத்தில் எதை நம்பினேன், எதை நம்பவில்லை என்று இன்னொரு அரைப் பக்கம். ஆடிய நேரத்தையும் உண்மையாகக் குறிப்பிட வேண்டும். அதைப் படிக்கும் அம்மாவுக்கும் ஆசிரியருக்கும், மணிக்கணக்கைத் தவிர வேறு பலவும் தெரியவரும். நாற்பது மணி நேரம் என்று எழுதும் பிள்ளைக்கே அந்த எண் சற்று உறுத்தவும் கூடும்.

பள்ளி திறக்கும் நாளில் கரும்பலகையில் அதே பழைய தலைப்பு இருக்கும்: விடுமுறையை எப்படிக் கழித்தாய்? பொன்முடிக்குப் போகாத பிள்ளை பொன்முடியைப் பற்றி எழுதுவதைவிட, ஆடிய விளையாட்டைப் பற்றி உண்மையை எழுதுவது மேல். திருத்துகிற ஆசிரியர் நட்சத்திரம் போடுவதற்கு முன் முழுக்கப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.