பிஸ்மில்லாஹ் நாளுக்கு முன்பே புத்தகம்

குழந்தைக்கு நான்கு ஆண்டு, நான்கு மாதம், நான்கு நாள் நிறையும் அன்று, பெரியவர் ஒருவர் முன் அமர்த்தி, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொடுத்து ஓதலைத் தொடங்கி வைக்கும் வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. உர்தூ பேசும் இல்லங்களில் அது ஒரு சிறு விழாவாகவே நடைபெறும். புத்தாடை, இனிப்பு, பெரியோர் துஆ என எல்லாம் நிறைவாக இருக்கும். ஆயினும், அன்றுதான் அக்குழந்தை முதன்முதலாக ஒரு நூலைத் தொடுகிறது என்றால் அது வருந்தத்தக்கது. எழுத்து நான்கு வயதுவரை காத்திருக்கலாம். நூலின் மீதான நேசம் காத்திருக்கலாகாது.

இரு மொழி இல்லங்கள்

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுவையில் ஒரே கூரையின் கீழ் இரு மொழி புழங்குவது புதுமையன்று. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களில் தமிழோடு பிரெஞ்சும் வழங்கும். பாரதியாரின் நினைவைத் தாங்கி நிற்கும் குயில் தோப்பு அமைந்த கருவடிக்குப்பத்திலிருந்து இதை எழுதுகிறேன். உம்மா உர்தூவிலும் அத்தா தமிழிலும் கொஞ்சும் பிள்ளைகள் நம் சமுதாயத்தில் பலர்.

இரண்டு வயதுப் பிள்ளை, 'பானி தா' என்று இரு மொழியையும் கலந்து கேட்டவுடன் பெற்றோர் அஞ்சுகின்றனர். 'பிள்ளை குழம்புகிறான், ஒரு மொழியை நிறுத்துவோம்' என முடிவு செய்கின்றனர். பெரும்பாலும் நிறுத்தப்படுவது நானிமாவின் மொழியே. அவ்விடத்தில் பள்ளிக்காக ஆங்கிலம் வந்து அமர்கிறது. சில ஆண்டுகளில், பேரன் சொல்வது நானிமாவுக்கும், நானிமா சொல்வது பேரனுக்கும் விளங்காத நிலை உண்டாகிறது. இந்த இழப்புக்குத் தேவையே இல்லை. சொற்களைக் கலப்பது இரு மொழிக் குழந்தைகளின் இயல்பு. அது குழப்பத்தின் அடையாளம் அன்று என மொழியறிஞர் தெளிவுபடுத்தியுள்ளனர்.

மடியில் விளையும் கல்வி

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. ஆங்கிலம் பேசும் இல்லங்களைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, பன்னிரண்டு அமர்வுகளில் படப்புத்தகம் வாசித்தும் விளையாடியும் பழகினர். அக்குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளை வேறுபடுத்தி அறியக் கற்றன. அதே வாசிப்பைத் திரையில் மட்டும் கண்ட குழந்தைகளோ எதையும் கற்கவில்லை. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2019இல் அறிவுறுத்தியது. கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, 'கதை கேட்கிறான்' என மனநிறைவு கொள்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

நம் முன்னோர் இரு மொழிக்கு அஞ்சியவர் அல்லர். தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபுத்தமிழ் என வழங்கினர். அரபியில் இல்லாத ட, ண, ள போன்ற ஒலிகளுக்கு, இருந்த எழுத்துகளில் குறிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளை அமைத்தனர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என அறியப்பட்ட கீழக்கரை சய்யிது முஹம்மது ஆலிம் (1816-1898) போன்ற மார்க்க மேதைகள் அவ்வெழுத்தில் நூல்கள் யாத்தனர். பள்ளிக்கூடம் செல்லாத பெண்களும், குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தின் துணையால் தாய்மொழி நூல்களை வீட்டிலிருந்தே வாசித்தனர். ஒரு மொழியின் எழுத்து மற்றொரு மொழிக்கு வாசல் திறந்தது.

செய்ய வேண்டியவை

நம் வீடுகளில் நூல்கள் உயரமான பலகையில் இருக்கும். திருக்குர்ஆனுக்கு அந்த மரியாதை உரியதே. ஆனால் எல்லா நூலையும் மேலே வைத்து, 'தொடாதே' என்று விரட்டினால், நூல் என்பதே தனக்கு உரியதன்று எனக் குழந்தை எண்ணிவிடும். ஆகவே, குர்ஆன் உயரத்தில் இருக்கட்டும். குழந்தையின் படப்புத்தகங்கள் அதன் கைக்கெட்டும் கீழ்த்தட்டில் இருக்கட்டும். கடித்தாலும் கிழித்தாலும் அடிக்க வேண்டாம். தடித்த அட்டைப் புத்தகங்களை வாங்கிக் கொடுங்கள்.

ஒவ்வொருவரும் தமக்கு இயல்பான மொழியில் வாசியுங்கள். அதே படத்தை அத்தா 'யானை' என்று காட்டட்டும். நானிமா 'ஹாத்தி' என்று காட்டட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவரும் படத்தைப் பார்த்துக் கதை சொல்லலாம். 'இது என்ன? சொல்!' என்று தேர்வு நடத்த வேண்டாம். ஒரே நூலைப் பத்தாவது முறையாகக் கேட்டாலும் சலிக்காமல் வாசியுங்கள். உறங்கும் முன் பத்து நிமிடம் போதும்.

செலவுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. 1957இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், 'நேரு பால புத்தகாலயா' வரிசையில் குழந்தை நூல்களைத் தமிழ், உர்தூ உள்ளிட்ட பல மொழிகளில் குறைந்த விலையில் வெளியிட்டுள்ளது. சென்னையின் தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் அமைந்த படக்கதைகளை வெளியிடுகிறது. 1827இல் தோன்றி, 1966இல் ரோமன் ரோலந்தின் பெயரைப் பெற்ற நூலகமும் நம் நகரிலேயே உள்ளது. குழந்தையின் கைப்பிடித்து அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

மதரஸாவுக்கு வரும் சிறு பிள்ளைகளில், வீட்டில் எவரேனும் மடியில் வைத்து வாசித்த பிள்ளையை முதல் நாளிலேயே அடையாளம் காண முடிகிறது. அப்பிள்ளை ஏட்டைக் கண்டு அழுவதில்லை. தானே கை நீட்டிப் பக்கத்தைத் திருப்புகிறது. அலிஃப், பே கற்பிக்க ஆசிரியர் இருக்கிறார். ஏட்டை நேசிக்கக் கற்பிப்பவர்கள், பெற்றோரே, நீங்கள்தாம். பிஸ்மில்லாஹ் நாள்வரை காத்திராமல் இன்றிரவே தொடங்குங்கள். அல்லாஹ் நம் மக்களின் கல்வியில் பரக்கத் செய்வானாக!