வெண்மலைப் பயணம் – 9
மூன்றாம் படி எச்சரிக்கை

2012 பிப்ரவரி 19. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் பாஸ் பனிச்சறுக்கு மையத்தின் எல்லையைத் தாண்டி 16 பேர் மலையின் பின்புறம் இறங்கத் தயாரானார்கள். டனல் கிரீக் என்பது அந்தச் சரிவின் பெயர். வந்தவர்களில் தொழில்முறை வீரர்கள் இருந்தார்கள், பத்திரிகையாளர்கள் இருந்தார்கள், ஆண்டுக்கணக்கில் அங்கேயே சறுக்கிப் பழகிய உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். அன்று பனிச்சரிவில் சிக்கி மூன்று பேர் இறந்துபோனார்கள்.

இத்தனைக்கும் எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. வட அமெரிக்காவில் பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படிகளாகப் பிரித்து அறிவிக்கிறார்கள். அவற்றுள் மூன்றாம் படியை எடுத்துக்கொள்வோம். ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று தோன்றும். ஆனால், ஓர் ஆள் கால் வைத்தாலே சரிவு பெயர வாய்ப்பு அதிகம் என்பதே அந்தப் படியின் பொருள். நான்கு, ஐந்து என்றால் பலர் கிளம்பவே மாட்டார்கள். மூன்றில்தான் துணிந்து போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆபத்து மேலே தெரிவதில்லை. தெளிவான, குளிர்ந்த இரவுகளில் பனிப்பரப்பின் மேல் மெல்லிய படிகங்கள் முளைக்கும். அவை ரவை போல ஒன்றோடொன்று ஒட்டாதவை. அவற்றின்மேல் புதுப்பனி கொட்டி இறுகினால், கனத்த பாளம் ஒன்று பலவீனமான அடுக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். டனல் கிரீக்கில் நடந்தது இதுதான். சரிவு 30 முதல் 45 டிகிரி வரை இருந்தால் பாளம் எளிதில் பெயரும். மாட்டிக்கொள்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், அதைக் கிளப்பிவிடுவது அவரேதான், அல்லது கூட வந்தவர்.

சோதித்துப் பார்க்க வழி உண்டு. 90 செ.மீ. அகலம், 30 செ.மீ. தடிமன் கொண்ட பனித்தூண் ஒன்றைச் சுற்றிலும் வெட்டித் தனியாக நிறுத்துவார்கள். அதன் ஒரு முனையில் மண்வெட்டித் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. விரிசல் சட்டென்று மறுமுனைவரை ஓடினால் அந்தச் சரிவு வேண்டாம்.

ஆனால் இத்தனையும் தெரிந்தவர்களே ஏன் போகிறார்கள்? இயன் மெக்கமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நிகழ்ந்த 715 விபத்துகளை அலசி 2004இல் விடை தேடினார். பழகிய இடம், கூட்டத்தில் ஒரு நிபுணர், தொடங்கியதை முடிக்கும் பிடிவாதம், புதுப்பனியில் முதல் தடம் பதிக்கும் ஆசை ஆகியவை அவர் கண்ட பொறிகளுள் சில. டனல் கிரீக்கில் பிழைத்தவர்களில் சிலருக்கு அன்றே மனத்தில் உறுத்தல் இருந்திருக்கிறது. இவ்வளவு அனுபவசாலிகள் நடுவே எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டார்கள்.

அதனால்தான் இன்றைய பயிற்சி வகுப்புகளில், கிளம்பும் முன் ஒவ்வொருவரையும் வாய்விட்டுப் பேச வைக்கிறார்கள். ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் குழு திரும்ப வேண்டும். இறங்கினால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஒருவர் புதைந்தாலும் தோண்டி எடுக்க ஆட்கள் மிஞ்சுவார்கள்.

அந்தத் தோண்டலுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)