மகளிரும் இருதய நோயும்

ஆடவர் கல்லூரியொன்றின் விழா மலரிலே மகளிரின் இருதய நோயைப் பற்றி எழுதப் புகுந்தது ஏனென வாசிப்போர் வினவலாம். இம்மலரை ஏந்தும் பழைய மாணவர் ஒவ்வொருவருக்கும் தாயோ, தமக்கையோ, மனைவியோ, மகளோ உளர் என்பதே விடை. என் தமக்கையார் பத்தாண்டு காலம் தம் கணவரை மாதந் தவறாது கிளினிக்குக்கு அழைத்துச் சென்றவர். அத்தானுடைய குருதியமுக்கமும் சீனியின் அளவும் அவருக்கு மனப்பாடம். தம் கையை ஒருமுறையேனும் அக்கருவிக்கு நீட்டினாரல்லர். ஒருநாட் காலை மேல்வயிற்றில் எரிவும், முதுகில் உளைவும், இரண்டு படி ஏற முடியாத களைப்பும் கண்டபோது, வாய்வு என்றெண்ணி இஞ்சிநீர் குடித்துவிட்டு அடுப்படிக்குப் போனார். மாலையில் ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்ற பின்னரே அது மாரடைப்பென அறிந்தோம். உயிர் தப்பினார், ஆயினும் இருதயத் தசையின் ஒரு பகுதி மீளாவண்ணம் பழுதுற்றுவிட்டது.

மாரடைப்பு என்னும் சொல்லே நம்மை மயக்குகின்றது போலும். தமிழாசிரியனாதலின் இதனைக் கூறாதிருக்க இயலவில்லை. அடைபடுவது மார்பன்று, இருதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் முடியுருநாடியே. நாடியின் உட்சுவரிற் பல்லாண்டுகளாகப் படிந்த கொழுப்புப் படிவு வெடிக்க, அவ்விடத்தே குருதி உறைந்து வழியை அடைத்துவிடுகின்றது. நெஞ்சுநோ பெண்களுக்கும் முதன்மையான அறிகுறியே. எனினும் அதனோடு சேர்ந்தோ, சிலவேளை அதுவின்றியோ, மூச்சு வாங்கல், குமட்டல், தாடையிலும் கழுத்திலும் முதுகிலும் நோ, காரணந் தெரியாக் களைப்பு என்பன ஆடவரினும் பெண்களிடத்து மிகுதியாகக் காணப்படும். அத்தகைய வேளையில் இஞ்சிநீரை நாடாது உடனே 1990 என்னும் இலக்கத்தை அழைத்தல் வேண்டும். அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

இந்நோய் ஆடவர்க்கே உரியதென்ற எண்ணம் நம் ஊரில் மட்டும் வழங்கியதன்று. 1964 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒறெகன் மாநிலத்தில் இருதயச் சங்கத்தார் பெண்களுக்கென ஒரு மாநாடு கூட்டினர். அவர்தம் இருதயத்தைக் காப்பதற்கன்று; கணவன்மாரின் இருதயத்தைப் பேணும் வகையைக் கற்பிப்பதற்கே! 1948 இல் பிரேமிங்காம் நகரில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்விற் சேர்ந்த 5,209 பேரிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாயிருந்தும், பின்வந்த பேராய்வுகள் சில ஆடவரை மட்டுமே கொண்டு நடந்தன. அஸ்பிரின் முதல் மாரடைப்பைத் தடுக்குமென 1980களிற் கண்டது 22,071 ஆண் வைத்தியரிடத்தே. ஏறத்தாழ 40,000 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2005 இல் வெளிவந்தபோதோ, மொத்தத்தில் மாரடைப்புக் குறையவில்லை, பாரிசவாதமே குறைந்தது. வைத்தியர் கூறாமல் அஸ்பிரினை நாள்தோறும் விழுங்குதல் எவர்க்கும் தகாது. வயிற்றிற் குருதிப்பெருக்கு உண்டாகலாம்.

நிற்க. பெண்களுக்கே உரிய முன்னறிவிப்புகள் சில உள. கருவுற்ற காலத்திற் குருதியமுக்கம் ஏறிச் சிறுநீரிற் புரதம் வெளிப்பட்ட தாய்க்குப் பிற்காலத்தில் இருதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகும். கர்ப்பகால நீரிழிவும் அத்தகைய எச்சரிக்கையே; அது கண்டவர் பின்னர் மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் சீனியைச் சோதித்தல் வேண்டும். மகப்பேற்றின்பின் இவை பெரும்பாலும் தணிந்துவிடுவதால் தாயும் மறக்கின்றாள், வீட்டாரும் மறக்கின்றனர். கர்ப்பகாலத்து அட்டை அலுமாரியின் அடித்தட்டிற் கிடந்து மஞ்சளாகின்றது. தமக்கையாருக்கும் இரண்டாம் மகவைச் சுமந்தபோது அமுக்கம் ஏறியிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளில் எம்மில் ஒருவரேனும் அதனை நினைந்தோமில்லை.

மாதவிடாய் நின்ற பின்னர் அமுக்கமும் கொலஸ்திரோலும் ஏறுதல் பெரும்பான்மை. நீரிழிவும் புகையிலையும் ஆணினும் பெண்ணின் இருதயத்துக்கு மிகுதியான கேடு செய்வன. புகையிலையை வெற்றிலையோடு மெல்லும் முதியோர் இதனைக் கருத்திற் கொள்வாராக. உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டியினும், அஃதாவது 5 கிராமினும், குறைதல் நன்று; கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ளதும் அக்கணக்கிற் சேரும். வயிற்றுச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டின் நம் பெண்களுக்கு அஃது எச்சரிக்கை. வாரத்துக்கு 150 நிமிட விரைநடை போதும். வீட்டுவேலையே போதிய உடற்பயிற்சி என்பாரிற் பலர், அடுப்படியில் நின்றபடியே நாளைக் கழிப்பவராவர்.

குருதியமுக்கத்தை அளக்குமுன் ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து அமர்ந்திருத்தல் வேண்டும், பேசலாகாது. வெவ்வேறு நாட்களிலும் 140/90 அல்லது அதற்கு மேற்பட்டதாய் நிற்பின் வைத்தியம் தேவை. மருந்தினால் அளவு இறங்கியதும் மருந்தை நிறுத்திவிடுதல் நம்மவர் பெருந்தவறு. நம் நாட்டில் 1996 முதல், 35 வயதைக் கடந்த பெண்களுக்கெனச் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. அங்கே இச்சோதனைகளுக்குக் கட்டணமில்லை. நாளும் இடமும் குடும்பநல உத்தியோகத்தர் கூறுவார்.

இப்போது தமக்கையார் கையிலும் ஓர் அட்டை உண்டு. இருவரும் ஒரே முச்சக்கர வண்டியிற் போய் வருகின்றனர். சென்ற மாதம் அவருடைய அளவு 128/78. அத்தானுடையது 150ஐத் தாண்டிவிட்டதாம், சொல்லிச் சிரித்தார்.