துவர்ப்பு, புளிப்பு, கலப்படம்: தென் பிரான்சின் ஒயின் கதை

வாயில் ஊற்றிய ஒயினை விழுங்காமல் துப்பிவிடுகிறார்கள். தரம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் வழக்கம் இது. அடுத்தடுத்துப் பல வகைகளை ருசி பார்ப்பவருக்குத் தலை தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா?

தென் பிரான்சில், மத்தியதரைக் கடலை ஒட்டி, நீம் நகரிலிருந்து நார்பொன் நகருக்கு அப்பாலும் பரந்து கிடப்பது லாங்தொக் பகுதி. கோடையில் கடும் வெயில், மழை குறைவு. கல் நிறைந்த மண்ணில் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டங்கள்.

கண், மூக்கு, நாக்கு

முதலில் கண்ணாடிக் கிண்ணத்தைச் சாய்த்து, வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்து நிறம் பார்க்கிறார்கள். சிவப்பு ஒயினுக்கு நிறம் தருவது சாறு அல்ல, கருந்திராட்சையின் தோல். தோலோடு சேர்த்து நொதிக்க வைத்தால் சிவப்பு. சாற்றை முன்னதாகவே பிழிந்து தனியே எடுத்து நொதிக்க வைத்தால் வெள்ளை.

அடுத்து, கிண்ணத்தைச் சுழற்றி முகர்கிறார்கள். மணம் மேலெழும்பி வருகிறது. பிறகே நாக்கின் முறை.

கரிஞான், கிரெனாஷ், சிரா போன்ற திராட்சைகளிலிருந்து வரும் சிவப்பு ஒயினில் துவர்ப்பு தெரியும். பால் சேர்க்காத கடுந்தேநீர் ஈறைப் பிடிப்பது போன்ற துவர்ப்பு அது. தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. பிக்பூல் திராட்சையின் வெள்ளை ஒயினிலோ புளிப்பே முன் நிற்கும். இத்திராட்சை விளையும் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே தோ என்ற உப்பங்கழி இருக்கிறது. அதில் வளர்க்கும் சிப்பிகளைத் தின்று, குளிரவைத்த இந்த ஒயினை அருந்துவது அங்குள்ளவர்களின் வழக்கம்.

வீதிக்கு வந்த விவசாயிகள்

நாக்கு தேடும் இந்தச் சுத்தம் ஒரு காலத்தில் அங்கே வயிற்றுப் பிரச்சினையாக இருந்தது. பாலில் தண்ணீர் கலப்பது போல, சர்க்கரையும் தண்ணீரும் கலந்த போலி ஒயின் சந்தையில் மலிந்தது. விளைச்சலும் மிஞ்சியது. விலை சரிந்தது, தோட்டக்காரர்கள் கடனில் மூழ்கினர், கூலியாட்கள் வேலை இழந்தனர்.

1907 மார்ச் 11-ந் தேதி, அர்ஜெலியே கிராமத்திலிருந்து 87 விவசாயிகள் நார்பொன் நகருக்குப் புறப்பட்டனர். தலைமை தாங்கியவர் மார்ஸ்லென் அல்பேர் என்ற காப்பிக் கடைக்காரர். ஞாயிறுதோறும் கூட்டம் பெருகியது. ஜூன் 9-ந் தேதி மோன்பெலியே நகரில் லட்சக்கணக்கானோர் திரண்டனர். அரசு ராணுவத்தை அனுப்பியது. நார்பொன்னில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின. செய்தி கேட்டதும், அப்பகுதி இளைஞர்கள் நிறைந்த 17-வது காலாட்படையில் சுமார் 500 சிப்பாய்கள் கலகம் செய்து, ஆயுதங்களுடன் பெசியே நகருக்கு நடந்தனர்.

ஜூன் 29-ந் தேதி, கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. புதிய திராட்சையையோ அதன் சாற்றையோ நொதிக்க வைத்துக் கிடைப்பதுதான் ஒயின், வேறொன்றுக்கும் அந்தப் பெயர் கிடையாது என்று அதே ஆண்டு செப்டம்பரில் அரசு ஆணை பிறந்தது.

இன்றும் லாங்தொக்கில் சிறு விவசாயிகள் பலர் கூட்டுறவுச் சங்கத்திடம் திராட்சையைக் கொடுத்து ஒயின் செய்து விற்கிறார்கள். புட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் 'ஒயின்' என்று எழுதும் உரிமை, வீதியில் நின்றவர்கள் வாங்கித் தந்தது.