ஓடாதே! மாணவரின் கழுத்தைப் பிடித்த கோச்

"இன்னும் ஓடு, வேகமா ஓடு" என்று விரட்டும் கோச்சுகளைப் பார்த்திருப்பீர்கள். "ஓடாதே" என்று கழுத்தைப் பிடித்த கோச்சும் உண்டு!

அவர் பில் பவர்மன். 1960-களில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகக் கோச். பின்னாளில் 'நைக்கி' ஷூ கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர். ஒரு நாள் கடும் ஓட்டம், மறுநாள் லேசான ஓட்டம். இதுதான் அவர் போட்ட சட்டம்.

மாணவர் கென்னி மூர் கேட்டால்தானே! லேசான நாளிலும் மைல் கணக்கில் ஓடித் தள்ளினார். உடம்பு தேற நேரம் ஏது?

பார்த்தார் கோச். கழுத்தைப் பிடித்துவிட்டார்! மூன்று வாரத்துக்குத் தினமும் காலையில் 3 மைல் மெதுவோட்டம், பிற்பகலில் வழக்கமான பயிற்சி, அவ்வளவுதான். மீறினால் பல்கலைக்கழக அணியில் இடமில்லை என்று உத்தரவு.

வேறு வழியின்றி மூர் அடங்கினார்.

27 விநாடி மிச்சம்

அடுத்து 2 மைல் பந்தயம். எதிரே 1961-ன் கல்லூரி கிராஸ் கன்ட்ரி சாம்பியன் டேல் ஸ்டோரி. ஜெயித்தது மூர்! 8 நிமிடம் 48 விநாடி. அவரது பழைய நேரத்தைவிட 27 விநாடி குறைவு.

ஓடும்போது உடம்பு களைக்கிறது. ஓய்வில்தான் பலம் ஏறுகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் மூருக்கு 4-வது இடம்.

கழுத்தைப் பிடித்த கோச்சின் வரலாற்றை 2006-ல் புத்தகமாக எழுதியவர் யார் தெரியுமா? அதே மூர்தான்!